குறைவாகக் கண்டுபிடிக்கும் ஆன்டிவைரஸ்

நான்கு சதவீதம். திரையின் நடுவே ஒரு பச்சைக் கோடு, கோட்டுக்குக் கீழே கோப்புகளின் பெயர்கள் ஓடுகின்றன, ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. மணி பதினொன்று பத்து. மங்கை என் வலது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். ஆன்டிவைரஸ் தேட ஆரம்பித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன். கீரையை இங்கே கொண்டுவந்துவிட்டாள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். "முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கு." "ஆகட்டும். என்னதான் சிக்குதுன்னு நானும் பார்க்கறேன்." என்ன சிக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். தள்ளுபடி விலை காட்டுகிறேன் என்று வந்து உட்கார்ந்துகொண்ட ஒன்றிரண்டு சில்லறைச் சாமான்கள். பென் டிரைவ்கள் விட்டுப்போன மிச்சம் மீதி. அவற்றோடு இன்னொன்று. அது பதினான்கு மாதங்களாக இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கீபோர்டில் யார் எதை அடித்தாலும் ஓர் எழுத்து விடாமல் ஒரு கோப்பில் சேர்த்துவைக்கும். இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான், மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். கீபோர்டில் அடிக்கிறவள் மங்கை. அடித்ததை அவளுக்குத் தெரியாமல் படிக்கிறவன் நான். ஐந்து சதவீதம்.

மூன்று நாளாக எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்ததாக மங்கை நம்புகிறாள். போன வியாழக்கிழமை ஒரு கல்லூரி ஆசிரியை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் செருகிய பத்து நிமிஷத்தில் மங்கையின் ஃபோல்டர்கள் எல்லாவற்றின் மூலையிலும் சின்ன அம்புக்குறி முளைத்துவிட்டது, எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு பக்கம், மூன்று மாத வேலை. மங்கை அழவில்லை. பென் டிரைவை உருவி மேஜையில் வைத்து, அதை ஒரு தேளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் மகன் இளம்பரிதி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் போனில் சொல்லச் சொல்ல இரண்டு மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. வந்தபிறகு அவன் கேட்டான், "மாமா, விண்டோஸோட வர்ற பாதுகாப்பே இதைத் தடுத்திருக்கணுமே. பாதி ஆஃப் ஆகிக் கிடக்கு. யாராவது ஆஃப் பண்ணீங்களா?" "நான் எதுக்கு ஆஃப் பண்றேன்?" "அத்தை?" "அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்." பின்னால் இருந்து மங்கை, "எனக்கு என்னென்ன தெரியும்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்" என்றாள். போனில் பரிதி சிரித்தான். அவன் சொன்னது, அதைத் திரும்ப முழுசாக ஆன் செய்தால் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான். மங்கை ஒப்புக்கொள்ளவில்லை. "தூங்கற வாட்ச்மேன் நமக்கு வேண்டாம். நல்லதா ஒண்ணு பார்த்துப் போடுங்க, செலவானாலும் பரவாயில்லை" என்றாள். அந்த வாட்ச்மேனைத் தூங்கவைத்தது எது என்பது எனக்குத் தெரியும். அதனால் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். எந்த ஆன்டிவைரஸ் எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்று வரிசை போட்டுக் காட்டும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள். நான் கீழிருந்து படித்தேன். எது குறைவாகக் கண்டுபிடிக்கும், எதைப் பற்றி அதிகம் குறை சொல்லியிருக்கிறார்கள், இது பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காது என்று எவராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். மங்கை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தத் தாளை எட்டிப் பார்த்து, "இவ்வளவு பொறுமை உங்களுக்கு வேலையில இருந்தப்பகூட நான் பார்த்ததில்லை" என்றாள். கடைசியில் இலவசமானது ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கீழிருந்து இரண்டாவது. கடைசி இடத்தில் இருந்ததைப் போட மனசு வரவில்லை, அதற்கும் ஒரு மரியாதை வேண்டுமே.

பதினொன்று. அது சதவீதம். காலையில் இதை இறக்கும்போதும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள். பரிதி சொன்னதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறாள். தயாரித்தவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும், பச்சையாக ஐந்து பொத்தான் காட்டுகிற இடத்துக்குப் போகக் கூடாது, உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று எது கத்தினாலும் மூடிவிட வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு ஆன்டிவைரஸ் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு வேலை செய்யாது. இந்தக் கடைசி விஷயத்தைப் படித்துவிட்டு மங்கை, "ஓரகத்திங்க மாதிரி" என்றாள். இறங்கியதும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று நான் தட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது பக்கத்தில் என் கையைப் பிடித்தாள். அங்கே ஒரு சின்னக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. புதிதாக ஒரு பிரவுசரும், கடைகளில் விலை ஒப்பிடுகிற ஏதோ ஒன்றும் கூடவே வருமாம். "டிக்கை எடுங்க, டிக்கை எடுங்க. நாம கேட்டமா அதை?" எடுத்தேன். "இப்படித்தான் ஒவ்வொண்ணா உள்ள வந்திருக்கும். வேண்டாம்னு சொல்ல ஒரு நொடி ஆகுமா?" என்றாள். ஒரு நொடிதான். அந்த நொடியில் நம் கவனம் வேறு எங்கோ இருக்கும். அதை நம்பித்தான் அவர்கள் டிக் போட்டு வைக்கிறார்கள்.

சாலை ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரமணியும் அப்படித்தான் கேட்டார். போன வருஷம் மெஷின் நத்தை மாதிரி ஆகி, ஒரு பக்கம் திறந்தால் நான்கு பக்கம் தானாகத் திறந்தது. பெட்டியை மட்டும் கழற்றி ஆட்டோவில் எடுத்துப் போனேன். ரமணி பிரவுசரில் கேட்காமலே ஒட்டிக்கொண்ட டூல்பார் பதினொன்று இருப்பதாகக் கணக்குச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முடிந்து கிளம்பும் நேரத்தில், "வீட்ல யார் சார் யூஸ் பண்றது?" என்றார். "சம்சாரம்தான். டைப்பிங் வேலை செய்யறாங்க. நான் எப்பவாவது." "யார் என்ன அடிச்சாலும் ஒரு ஃபைல்ல சேர்ற மாதிரி ஒண்ணு இருக்கு சார். பிள்ளைங்க இருக்கற வீட்ல கேட்டு வாங்கறாங்க. போட்டுத் தரட்டுமா?" வீட்டில் பிள்ளைகள் இல்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றவே இல்லை. காய் வாங்கினால் கறிவேப்பிலை போடட்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டார். கடைக்காரர் அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வந்ததில்லை, என் அப்பாவுக்கும் வந்ததில்லை, எங்கள் வீட்டில் தேவையில்லாத கறிவேப்பிலை எப்போதும் வாடிக்கொண்டிருக்கும். "போடுங்க" என்றேன். மூன்று கீயைச் சேர்த்து அமுக்கினால் திறக்கும், பாஸ்வேர்டு கேட்கும் என்று காட்டிக்கொடுத்தார். விண்டோஸின் பாதுகாப்பு இதைப் பார்த்தால் சத்தம் போடும், அதனால் அதைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். தலையாட்டினேன். ஆக, அந்த வியாழக்கிழமை பென் டிரைவ் வழியாக வந்தது நுழைய முடிந்ததற்குக் காரணமும் இதுதான். இருநூற்றுப் பதினான்கு பக்கம் போயிருந்தால் அது என் தலையாட்டலால் போயிருக்கும். இதையும் அவளுக்குச் சொன்னதில்லை. முப்பத்தொன்று. கோடு வேகம் பிடிக்கிறது.

"ஏங்க, உங்க முகம் ஏன் இப்படி வேர்க்குது?" என்கிறாள். "ஃபேன் இந்தப் பக்கம் வரலை." எழுந்து ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்கிறாள். கீரை பறக்கிறது, முறத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். போட்டதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஒரு மாதம் விட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் அவள் மார்க்கெட் போயிருந்தபோது, வேலை செய்கிறதா என்று பார்ப்போம் என்று மூன்று கீயையும் அமுக்கினேன். திறந்தது. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்கள், அர்த்தமே இல்லாமல், நடுவில் அரைப்புள்ளிகள். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். மூடப் போகும்போதுதான் என் இடது கைச் சுண்டுவிரல் மேஜையில் தானாக அசைந்தது. நானும் மங்கையும் ஆளுக்கொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், ஆளுக்கொரு ஊரில், யளனக என்று ஆரம்பித்தவர்கள். கல்யாணம் பேசும்போது இரண்டு பேரும் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்பதைத்தான் தரகர் முதலில் சொன்னார். அவள் இன்றைக்கும் அந்தப் பழைய டைப்ரைட்டர் முறையில்தான் கம்ப்யூட்டரிலும் அடிக்கிறாள். எஃப் அடித்தால் க, கே அடித்தால் ம. அந்த நிரல் தமிழைப் பார்க்கவில்லை, விரல் பட்ட கீயை மட்டும் எழுதிவைத்திருக்கிறது. நான் மேஜையின் மேல் விரல்களை வைத்து, திரையில் இருந்த ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். விரலுக்குத் தமிழ் வந்தது. ஜில்லா கோர்ட்டில் நகல் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். கொலை, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், எத்தனையோ தீர்ப்புகளை அடித்திருக்கிறேன், எதையும் படித்ததில்லை. கண் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம், நடுவில் நான் இருக்க மாட்டேன். படித்தால் தப்பு வரும் என்று எங்கள் தலைமை நகலர் சொல்வார். அந்தப் பிரிவில் படிக்காமல் அடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. அப்படி இருந்தவன் வாழ்க்கையில் முதன்முதலாக வார்த்தை வார்த்தையாக உட்கார்ந்து படித்தது பெண்டாட்டியின் கடிதங்களை.

பெரும்பாலும் ஆய்வேடுதான் இருக்கும். பாசன வாய்க்கால், பெண் கல்வி, வட்டார வழக்கு. இடையிடையே ஜோஸ்பினுக்கு எழுதுகிற மெயில். ஜோஸ்பின் அவளோடு இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள், திண்டுக்கல்லில் இருக்கிறாள். போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் யாராவது பக்கத்தில் இருப்பார்கள் என்று இருவரும் மெயில் எழுதிக்கொள்கிறார்கள். அதிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. முழங்கால் வலி, மகள் மாமியாரோடு ஒத்துப்போவது, ஒரு தடவை நான் குறட்டை விடுவதைப் பற்றி மூன்று வரி, அதைப் படித்துவிட்டு இரண்டு ராத்திரி ஒருக்களித்தே படுத்தேன். அப்புறம் பங்குனி மாதம் அந்த வரி வந்தது. பத்து நாள் இந்த வீட்டில் நான் மட்டும் தனியாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. அதற்குப் பின்னால் அழிக்கும் கீயின் பெயர் திரும்பத் திரும்ப வரிசையாக இருந்தது. எழுதியதை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்திருக்கிறாள். அழித்துவிட்டு, இங்கே எல்லாரும் நலம் என்று அடித்து அனுப்பியிருக்கிறாள். அந்த நிரலுக்கு எழுதியதும் அழித்ததும் ஒன்றுதான், இரண்டும் கீ. எனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து நான் இந்த வீட்டில் எந்நேரமும் இருக்கிறேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது. மறு வாரம், தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான் என்று சொல்லி ராஜபாளையம் போனேன். தம்பி கூப்பிடவில்லை. பத்து நாள் என்று போய் எட்டு நாள் இருந்தேன், அதற்கு மேல் அவன் வீட்டில் முடியவில்லை. திரும்பி வந்து, அவள் குளிக்கப் போனதும் முதல் காரியமாகக் கோப்பைத் திறந்தேன். அந்த எட்டு நாளும் அவள் கீபோர்டைத் தொடவே இல்லை. என்ன செய்தாள், எங்கே போனாள், எதுவும் தெரியாது. ஜன்னல் திரை துவைத்துப் போட்டிருந்தது, அவ்வளவுதான். ஒன்பதாவது நாள் ஜோஸ்பினுக்கு எழுதினாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நான் கேட்காமலே என் மனசு தெரிந்து ஒன்று செய்தார் என்று. அதை அழிக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

ஐம்பத்தெட்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை நான் பிடுங்கி எறியவில்லை. நிரலை எடுத்தால் கோப்பும் போய்விடும், கோப்போடு அந்த வரியும். ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளலாம், நகல் எடுப்பது எனக்குப் புதிதா என்ன. எழுதினால் அது சாட்சியாகிவிடும் என்று பயம். மனப்பாடமாகத் தெரியும், ஆனாலும் வாரத்தில் ஒருநாள் அவள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் திறந்து, விரலால் அடித்துப் பார்த்துக்கொள்வேன். என்னைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. பணி ஓய்வு விழாவில் வாசித்த பாராட்டுப் பத்திரத்தில்கூட நேரம் தவறாதவர் என்றுதான் இருந்தது. இன்றைக்கு இந்தப் பச்சைக் கோடு நூறைத் தொடும்போது அந்த நிரலின் பெயர் பட்டியலில் வந்தால், அவள் அது என்ன என்று பரிதியிடம் கேட்பாள், அவன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். அப்புறம் அவளே மாதங்களைக் கூட்டிப் பார்த்துக்கொள்வாள். அந்த வரி பொய்யாகிவிடும். மனசு தெரிந்து செய்தவன் மறைந்திருந்து படித்துச் செய்தவன் ஆகிவிடுவான். இதற்கும் ஒரு வழி செய்துதான் வைத்திருக்கிறேன். அமைப்புகளுக்குள் ஒரு கட்டம் இருக்கிறது, வேண்டாத நிரல்களையும் தேடு என்று. வைரஸ் வேறு, வேண்டாத நிரல் வேறாம். வேண்டாத நிரல் திருட்டுத்தனமாக வந்ததில்லை, வீட்டுக்காரர் யாரோ ஒருவர் சரி என்று சொல்லி வந்தது. அதனால் அதைப் பிடிப்பதா வேண்டாமா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். மங்கை கீரை எடுக்க எழுந்துபோனபோது அந்த டிக்கை எடுத்துவிட்டேன். டிக்கை எடுங்க என்று அவள்தானே சொன்னாள் என்று எனக்குள் ஒரு சமாதானம் வந்தது, கேட்கச் சகிக்கவில்லை. எடுத்தால் போதுமா என்பது நிச்சயமில்லை. ஒருவர் போதும் என்று எழுதியிருந்தார், இன்னொருவர் சில நேரம் தப்பாது என்று எழுதியிருந்தார். எழுபத்திரண்டு. எண்பது. கீழே ஓடும் பெயர்களில் ரமணி வைத்த ஃபோல்டரின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்ததுபோல் இருந்தது. போய்விட்டது. மங்கை உருவிய காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்குகிறாள். "உங்க வேலையில இந்த மாதிரி தேடினா எவ்வளவு பேர் மாட்டியிருப்பாங்க" என்கிறாள். "நகல் பிரிவுல யார் மாட்டறது?" "அதான் சொல்றேன். சும்மா இருக்கறவங்களைத்தான் எவனும் தேடறதே இல்லை."

நூறு. ஒரு மணிச்சத்தம். இரண்டு ஆபத்துகள் என்று சிவப்பில் வந்தது. இரண்டே வரி. முதல் வரி விலை காட்டுகிற பழைய டூல்பார், ரமணியின் கைக்குத் தப்பியது. இரண்டாவதில் கண்ணை வைக்க எனக்கு நேரமானது. அது இல்லை. அது பட்டியலில் இல்லவே இல்லை. அங்கே இருந்தது மங்கை தமிழ் அடிக்கப் பயன்படுத்தும் நிரல், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு டி.டி.பி. கடையில் பென் டிரைவில் வாங்கியது, திருச்சியில் தமிழ் அடிக்கிற பாதிப் பேரிடம் கைமாறிக் கைமாறி வந்தது, யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. கீபோர்டைக் கவனிக்கிறது, ஆபத்து அதிகம் என்று போட்டிருந்தது. "என்னங்க, இது நம்ம தமிழ் டைப்பிங்தானே?" "ஆமா." "கவனிக்குதுன்னா?" "அடிக்கறதைப் பார்க்குதுன்னு அர்த்தம்." "யாரு அடிக்கறதை?" "யார் அடிச்சாலும்." முறத்தைத் தரையில் வைத்தாள். அவள் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. "ஜோஸ்பினுக்கு எழுதறதெல்லாம்கூடவா? பன்னெண்டு வருஷமாங்க. எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து படிச்சிருப்பான். படிச்சுச் சிரிச்சிருப்பான்." "சிரிச்சிருக்க மாட்டான்" என்றேன். "அதெப்படி உங்களுக்குத் தெரியும்?" மவுஸ் அவள் கையில் இருந்தது, அம்புக்குறி நீக்கு என்ற பொத்தானின் மேல். நான் சும்மா இருந்தால் அது போய்விடும், குற்றவாளி கிடைத்த நிம்மதியில் அவள் சமைக்கப் போய்விடுவாள். அப்படி முடிந்த வழக்குகளின் தீர்ப்பை நான் எத்தனை அடித்திருப்பேனோ, படித்ததில்லை. "அதை எடுக்காதே" என்றேன். "இது தப்பா சொல்லுது. எஃப் அடிச்சா அது க-வை எடுத்துக் கொடுக்கணும். கீயைப் பார்க்காம எப்படிக் கொடுக்கும்? பார்க்கும், கொடுக்கும், மறந்துடும். எங்கேயும் எழுதி வைக்கறதில்லை." "நிச்சயமா?" "நிச்சயமா." "பரிதியைக் கேட்கட்டா?" "கேளு. அவனும் அதான் சொல்வான்."

அவள் மூச்சு விட்டாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு சின்னப் பெண்ணைப் போல வாயைப் பொத்திச் சிரித்தாள். "நல்லவேளை. என் கைகால் ஆடிப்போச்சு. ஒண்ணு ரெண்டு விஷயம் எழுதியிருக்கேன் அவளுக்கு. உங்களைப் பத்திக்கூட." அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. "திட்டி இல்லை, பயப்படாதீங்க. நீங்க ராஜபாளையம் போனீங்களே, அதைப் பத்தி. என்ன எழுதினேன்னு மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்." சொல்ல ஆசையாக இருந்தது அவளுக்கு, கேட்கட்டும் என்று காத்திருந்தாள். என்ன எழுதினே என்று நான் கேட்க வேண்டும். இரண்டு தடவை கெஞ்ச வேண்டும். அவள் சொல்வாள், நான் இப்போதுதான் கேள்விப்படுகிற முகத்தோடு கேட்க வேண்டும். அந்த முகம் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், உண்மையாகவே இல்லை. "எனக்குத் தெரியும்" என்றேன். "என்ன தெரியும்?" "நீ எழுதினது. படிச்சேன்." "ஜோஸ்பின் அனுப்பினாளா உங்களுக்கு?" என்றாள், இன்னும் பாதிச் சிரிப்போடு. நான் கீபோர்டை இழுத்து மூன்று கீயையும் சேர்த்து அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது. பாங்கில், போஸ்ட் ஆபீஸில், யார் பாஸ்வேர்டு அடித்தாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவள் அவள், ஏடிஎம்மில் எனக்குக்கூட முதுகைக் காட்டி நிற்பாள். இப்போது திரும்பவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பு திறந்தது. அவள் அதை என்னைவிட வேகமாகப் படித்தாள். மேஜையில் கை வைக்கவே இல்லை. "எத்தனை நாளா?" "பதினாலு மாசம்." கோப்பில் மேலே தள்ளிக்கொண்டே போய், பங்குனி மாதத்து வரியில் நின்றாள். பிறகு, "அந்தப் பத்து நாள் விஷயத்தை நான் அவளுக்கு எழுதவே இல்லையே. அழிச்சுட்டேனே" என்றாள். "அழிச்சதும் இதுல விழும்." "அழிச்சதையுமா படிச்சீங்க?" ஆமாம் என்பதற்குத் தலையை அசைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. "அப்ப நான் எழுதினது தப்பு" என்றாள். குரலில் அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை. அடித்த தாளில் பிழை கண்டுபிடித்தவள் சொல்வதுபோலச் சொன்னாள். "அவளுக்கு இன்னொரு மெயில் போடணும். முதல்ல இதை எடுங்க. நான் இருக்கும்போதே எடுங்க." எடுக்கும் இடத்துக்குப் போனேன். நிச்சயமாகவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். எடுத்துக்கொண்டே இருந்தது, ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் வெள்ளையாக ஒரு பெட்டி வந்தது. எங்கள் நிரலை ஏன் நீக்குகிறீர்கள், தெரிந்தால் நாங்கள் திருத்திக்கொள்வோம் என்று கேட்டு, கீழே காரணங்கள் போட்டிருந்தது. கம்ப்யூட்டரின் வேகம் குறைகிறது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. வேறு ஒன்று வாங்கிவிட்டேன். இனி தேவையில்லை. மற்றவை. ஓரத்தில் தவிர்க்க என்று ஒரு பொத்தான் இருந்தது, நான் அதை நோக்கிப் போனேன். மங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கேக்குதுல்ல. பதில் சொல்லிட்டுப் போங்க" என்றாள். இரண்டாவது வரியை விரலால் தொட்டு, "எதிர்பார்த்தது கிடைக்கலையா உங்களுக்கு?" "கிடைச்சுது" என்றேன். அப்படி ஒரு கட்டம் அங்கே இல்லை. அவள் மவுஸை வாங்கி, மற்றவை என்பதை அழுத்தினாள். எழுதுவதற்கு ஒரு காலி இடம் திறந்தது. கீபோர்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடிங்க. நான் பார்க்கறேன்."